பெடலில் ஒரு கால்

ஒரு மனிதன் ஏன் சைக்கிளில் வேலைக்குப் போகிறான் என்பதைக் கண்டுபிடிக்கத் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ் பதினோரு மாதம் பாடுபட்டது. நாற்பத்துமூன்று ஊழியர்கள், நாலு ஜீப்பு, ஒரு குளிர்சாதன அறை. கடைசியில் கண்டுபிடித்தும் விட்டது. கண்டுபிடித்தது தப்பு என்பது வேறு விஷயம். சர்க்கார் கொடுத்த சரக்கை யார் போய்த் திருப்பிக் கொடுப்பது?

அந்த ஆபீசின் பெயர் மாநிலப் பயண மனோபாவ ஆய்வுக் கேந்திரம். நந்தாவனம் பக்கம், பலாமரங்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கட்டடம். ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள், எதில் ஏறுகிறார்கள், ஏறினால் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் ஆராய்வது அதன் தொழில். நடைபாதையைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கை முந்நூறு பக்கம். எழுதிய குழு நடைபாதையைப் பார்த்தது ஜீப்பின் ஜன்னல் வழியாக. இறங்கினால் ஆய்வாளருக்கும் ஆய்வுப் பொருளுக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரம் கெட்டுவிடும் என்று முன்னுரையிலேயே சொல்லியிருந்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில், குளிர் அதிகமான ஏதோ ஒரு தேசத்து அறக்கட்டளை இவர்களுக்குப் பணம் அனுப்பியது. கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியது: உங்கள் ஊரில் ஜனங்கள் ஏன் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள்?

பணம் வந்ததும் செலவாகத் தொடங்கிவிட்டது. கேள்விதான் மேஜையில் கிடந்தது.

முதல் மாதம் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிள்ளிப்பாலம் பக்கம் போய்ச் சைக்கிள்காரர்களை மறித்தார்கள். சர்க்கார் ஜீப்பு கையைக் காட்டினால் சைக்கிள்காரன் செய்யக்கூடியது ஒன்றுதான். பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவான். ஜீப்பு நுழையாத சந்து அந்தப் பக்கம் ஏராளம். மாதக் கடைசியில் அறிக்கையில் எழுதினார்கள்: 'பேட்டி கண்ட சைக்கிள் பயணிகள்: இல்லை. பார்த்த சைக்கிள் முதுகுகள்: நூற்றுப் பதினேழு.'

டைரக்டர் ஸ்ரீகண்டனுக்குக் கவலை பிடித்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்குச் செக்‌ஷன் சூப்பிரண்டு ஓமனா டீயோடு ஜன்னலோரம் நின்றவள், பலாமரத்தடியில் ஒரு கறுப்புச் சைக்கிள் ஸ்டாண்டு போடப்படுவதைப் பார்த்தாள்.

போட்டவர் அதே ஆபீசின் அப்பர் டிவிஷன் கிளார்க் பகவதிப்பெருமாள். நாஞ்சில் நாட்டுக்காரர், ஆரியசாலையில் வாடகை வீடு. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சைக்கிளை அந்த மரத்தடியில்தான் நிறுத்துகிறார். யாரும் பார்த்ததில்லை. அவர்கள் தேடிக்கொண்டிருந்தது தெருவில்.

ஆபீஸ் பேச்செல்லாம் மலையாளமும் இங்கிலீஷும் கலந்தது. இங்கே தமிழில் நிறுத்துத் தரப்படுகிறது. எடையில் குறைவிருக்காது.

"பெருமாள் சாரே, நீங்க சைக்கிள்லயா வர்றீங்க?" என்றாள் ஓமனா.

பகவதிப்பெருமாள் பயந்துவிட்டார். "ஆமா. வரப்பிடாதா?"

"ஏன் வர்றீங்க?"

"ஆபீசு இங்கதானே சாரே இருக்கு."

அந்த ஊரில் பெண் அதிகாரியும் சார்தான்.

அன்று மத்தியானமே அவரைக் குளிர்சாதன அறையில் உட்காரவைத்தார்கள். கழக்கூட்டத்துச் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து லிஜோ என்ற பையன் கம்ப்யூட்டரோடு வந்திருந்தான். கேள்வித்தாளைத் தயார்பண்ணியது அவன் கம்பெனி. திரையில் நாலு கட்டம்: சுற்றுச்சூழல், உடல்நலம், எரிபொருள் சேமிப்பு, சமூக அக்கறை.

"இதுல எது சார்?" என்றான் லிஜோ.

பகவதிப்பெருமாள் யோசித்தார். உண்மை சொல்வதில் நஷ்டமில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஐம்பத்திரண்டு வயதில் வரக்கூடாத யோசனை.

"காய்கறி" என்றார்.

இந்த இடத்தில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் பேரம் பேசும்போது வாய் பேசுவது பாதிதான். நடந்து வந்து கடை முன்னால் நிற்கிறவன் வாங்க வந்தவன். அவன் எங்கும் போகமாட்டான் என்பது கடைக்காரிக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன் அடுத்த பஸ் வரும்வரை கைதி. ஸ்கூட்டர்காரன் இன்ஜினை அணைக்காமல் நின்றால் அவசரக்காரன், அவனுக்கு ஒரு விலை. அணைத்துவிட்டு நின்றால் வசதிக்காரன், அவனுக்கு இன்னொரு விலை. சைக்கிள்காரன் மட்டும்தான் இன்னும் வந்துசேராதவன். இடது கால் தரையில், வலது கால் பெடலில். 'நேரமாச்சு, நான் வரட்டா' என்று சொல்லி வலது காலை ஒரு அமுக்கு அமுக்கினால் சங்கிலியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் கத்திரிக்காய் விலை இறங்கும். இரண்டாவது டக்குக்கு இன்னும் கொஞ்சம் இறங்கும். மூன்றாவதுக்கு மேல் போகக்கூடாது. போனால் நிஜமாகவே போகவேண்டிவரும்.

பகவதிப்பெருமாள் இந்த வித்தையில் கெட்டிக்காரர். லீலாபாய் என்ற பாறசாலைக்காரியின் கடை முன்னால் தினமும் காலை ஒன்பதேகாலுக்கு இது நடக்கும். லீலாபாயும் லேசுப்பட்டவளில்லை. அவருடைய டக்கைக் கேட்டே இன்றைக்கு மனுஷன் எந்த மூடில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். ஆபீசில் பாதிப் பெண்கள் அவரிடம்தான் காய் சொல்லி விடுவார்கள். ஹேண்டிலில் இரண்டு பை தொங்க, ஆயுர்வேதக் கல்லூரி ஏற்றத்தில் இறங்கித் தள்ளி, செக்ரட்டேரியட் முன்னால் அன்றைய ஊர்வலத்தின் ஓரமாகப் புகுந்து, அவர் நந்தாவனம் சேரும்போது மணி பத்து. ஊர்வலத்தில் சிக்கிய பஸ்ஸும் ஜீப்பும் பதினொன்றரைக்கு வரும்.

இதையெல்லாம் அவர் லிஜோவிடம் சொன்னார். லிஜோ நாலு கட்டத்தையும் மேலும் கீழும் பார்த்தான்.

"சாஃப்ட்வேர் எடுக்காது சார்."

"மற்றவைன்னு ஒண்ணு இல்லியா?"

"அது தனி வொர்க் ஆர்டர்."

ஓமனா குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: "சாரே, நாட்டுக்கு ஒரு காரியம் நடக்குது. அதுல போய் கத்திரிக்காயா? சுற்றுச்சூழல்னு சொல்லுங்க." சொல்லும்போது அவள் கையிலிருந்த பையில் அன்று காலை அவர் வாங்கிவந்த பயறு இருந்தது.

பகவதிப்பெருமாள் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்றில்லை, சுற்றுச்சூழலை அவர் வாங்கினதே இல்லை. வாங்காத சரக்குக்கு எப்படி ரசீது போடுவது?

காரணத்தைச் சொல்ல மறுக்கும் பயணி என்று அவர் பெயரில் ஒரு ஃபைல் திறக்கப்பட்டது. மறுத்தால் காரணம் ஆழமாக இருக்கவேண்டும் என்பது டைரக்டரின் கட்சி. மெடிக்கல் காலேஜிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்து அவருடைய முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறாரே, அந்தத் தூரத்தைச் சைக்கிளில் வந்ததாகக் கணக்கிடுவதா, சைக்கிளோடு நடந்ததாகக் கணக்கிடுவதா என்று ஒரு துணைக்குழு எட்டுத் தடவை கூடியது. ஒன்பதாவது கூட்டத்தில், மனிதன் சைக்கிளைத் தள்ளும்போது பயணி சைக்கிள்தான், மனிதன் வாகனம் என்று தீர்மானமாயிற்று.

பிறகு அவரைப் பின்தொடர முடிவுசெய்தார்கள்.

மறுநாள் காலை சாலைக் கடைத்தெருவில் அவர் முன்னால், ஜீப்பு பின்னால். ஜீப்புக்குள் டிரைவர், ஓமனா, லிஜோ, ஒரு வீடியோ கேமரா. ஜீப்புக்குப் பின்னால் நாலு கைவண்டி, இரண்டு லாரி, ஒரு வாழைக்குலை வண்டி, அவற்றின் வாயிலிருந்து வந்த அத்தனை வசவு. பகவதிப்பெருமாள் லீலாபாயின் கடை முன்னால் வழக்கம்போல ஒரு காலை ஊன்றினார்.

லீலாபாய் அவரைப் பார்க்கவில்லை. பின்னால் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஜீப்பு உங்களுக்குள்ளதா?"

"எனக்கில்ல. நான் என்னத்துக்கு சைக்கிள்ல போறேன்னு பாக்க வந்திருக்கு."

"ஜீப்புலயா?"

"ஆமா."

அவள் தராசைத் துடைத்துக்கொண்டே ஒரு விலை சொன்னாள். நேற்றைய விலைக்கு ஒன்றரை மடங்கு.

"என்ன லீலா இது?"

"சர்க்காரு ஜீப்பு வச்சு காய் வாங்க வாறவருக்கு என்ன பேரம்?"

அவர் டக் என்றார். அவள் சிரித்தாள். ஜீப்பு நின்றதில் தெருவே அடைபட்டுக் கிடந்தது. முன்னாலும் போக இடமில்லை, பின்னாலும் இல்லை. இன்னொரு தடவை டக் என்றார். அவள் விலையை எட்டணா ஏற்றினாள்.

அன்று அவர் வீட்டுக்குக் கொண்டுபோன கத்திரிக்காயை அவர் மனைவி பொன்னம்மை அரிவாள்மனையில் வைத்துப் பிளந்து, உள்ளே குடியிருந்தவரைக் காட்டினாள். "விலையும் கூடுதல், ஆளும் உள்ள இருக்கு. உங்க ஆபீசுக்காரனுவ உங்களப் படிச்சு முடிக்கும்போ நாம பட்டினியாத்தான் கெடப்போம்."

அடுத்த வாரம் சைக்கிள் போயிற்று.

யாரும் திருடவில்லை, ஆர்டர் போட்டு எடுத்தார்கள். மாநிலத்திலேயே முறைப்படி ஆராயப்பட்ட ஒரே சைக்கிள் என்பதால் அது 'முதன்மைச் சான்றுப் பொருள்' ஆயிற்று. வரவேற்பு ஹாலில் கண்ணாடி அறை கட்டி உள்ளே நிறுத்தினார்கள். பியூன் வேலாயுதன் தினமும் இறகுக் குச்சியால் தூசி தட்டினான். வெளியே எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும்: டைரக்டர், சூப்பிரண்டு, பிறகு துணை டைரக்டர். துணை டைரக்டர் ரிட்டயராகி நாலு வருஷமாயிற்று.

பகவதிப்பெருமாள் டைரக்டரிடம் போய் நின்றார்.

"சாரே, நான் ஆபீசுக்கு எப்படி வாறது?"

ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றினார். "பெருமாளே, சான்றுப் பொருளைச் சான்றாளரே ஓட்டினால் சான்று தேயும்."

"வேற ஒரு பழைய சைக்கிள் வாங்கிக்கிடட்டா?"

"அது டேட்டாவைக் கெடுக்கும்."

"போட்டும் சாரே. இதுக்கு வாரத்துக்கு ஒருக்கா காத்தாவது அடிச்சு வைக்கலாமே."

இந்த விண்ணப்பத்துக்கு மூன்றாவது நாள் எழுத்தில் பதில் வந்தது: 'சான்றுப் பொருளின் உள்ளிருக்கும் காற்றும் சான்றே. அதை மாற்றவோ கூட்டவோ அனுமதியில்லை.'

அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் வந்தார். கிழக்கேகோட்டையில் ஏறினால் செக்ரட்டேரியட் முன்னால் ஊர்வலம். பதினொன்றரைக்கு வந்துசேர்ந்தார். வந்தால் மேஜையில் மெமோ. 'மாநிலத்தின் மாதிரி சைக்கிள் பயணியான தாங்கள் தொடர்ந்து பேருந்தில் வருவதும், தாமதமாக வருவதும் கேந்திரத்தின் கண்டுபிடிப்புகளுக்கு முரணாக உள்ளது. விளக்கம் தரவும்.' விளக்கம் எழுதிக் கொடுத்தார். விளக்கத்தில் சைக்கிள் என்ற சொல் வந்ததால் அதையும் சான்றுப் பொருளோடு சேர்த்துக் கண்ணாடி அறையில் வைத்துவிட்டார்கள்.

காய்கறிக்கு அவர் நடந்து போனார். நடந்து போகிறவனுக்கு என்ன விலை என்று முன்னமே சொல்லியாயிற்று. லீலாபாய்க்குக்கூட இதில் ருசியில்லை. "சும்மா நிக்கிறவருகிட்ட வெல சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்பாள். சொல்லிவிட்டு அந்த விலையை வாங்கிக்கொள்ளவும் செய்வாள். ஆபீஸ் பெண்கள் அவரிடம் காய் சொல்லி விடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஓமனா வீட்டில் இரண்டு மாதமாகப் பயறு தோரன் என்ற பொரியலே இல்லை என்று கேள்வி.

மார்ச்சில் அறக்கட்டளைக்காரர்கள் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. சைக்கிள் பயணியைப் பார்க்கவேண்டுமாம். கேந்திரம் அமளிப்பட்டது. முற்றத்தில் பந்தல், பூக்கோலம், செண்டைமேளம். நிகழ்ச்சி நிரல் இப்படி: மாதிரிப் பயணி கேட்டிலிருந்து பந்தல்வரை நாற்பது மீட்டர் சைக்கிளில் வருவார். மைக்கில் தமது காரணத்தைச் சொல்வார். காரணம் முன்னமே அச்சடித்துத் தரப்படும். பயணியை வீட்டிலிருந்து கேட்டுவரை கொண்டுவர ஜீப்பு எண் இரண்டு. நாற்பது மீட்டருக்காக, அன்று ஒரு நாள் மட்டும், சான்றுப் பொருளை வெளியே எடுக்கலாம் என்று டைரக்டர் தனி உத்தரவு போட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் அது திரும்பக் கண்ணாடிக்குள் போய்விட வேண்டும்.

அந்த நாள் காலை கேட்டுக்கு வெளியே ஜீப்பிலிருந்து இறங்கினார் பகவதிப்பெருமாள். வேலாயுதன் சைக்கிளை மாலை போட்டு நிறுத்தியிருந்தான். இரண்டரை மாதத்துக்குப் பிறகு தொடுகிறார். பழக்கத்தில் பெருவிரல் முன் டயரை அமுக்கியது. விரல் ரிம்வரை போயிற்று. பின் டயரும் அப்படியே. சான்றுக் காற்று எப்போதோ போய்விட்டிருந்தது. இதில் ஏறி ஒருவன் எங்கும் போய்விட முடியாது.

உள்ளே டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் கேட்டுவரை கட்டியிருந்தது.

"இந்தக் கேந்திரத்தில் ஒவ்வொருவரும் சைக்கிளை மதிக்கிறோம். அந்த மதிப்பினால்தான் நாங்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. நானே சிறு வயதில் சைக்கிள் ஓட்டியவன்தான். கஷ்டப்பட்டுப் படித்து அந்த நிலைமையிலிருந்து மேலே வந்தேன். மாநிலம் முழுவதும் சைக்கிளைக் கொண்டுசெல்வதே எங்கள் கனவு. அதற்கு இன்னும் மூன்று ஜீப்புகள் தேவைப்படுகின்றன. இதோ, நமது பயணி வருகிறார்."

மேளம் முழங்கியது. பயணி வரவில்லை.

பயணி கேட்டில் நின்றுகொண்டிருந்தார். இடது கால் தரையில், வலது கால் பெடலில். ஹேண்டில் உள்பக்கம் திரும்பியிருக்கவில்லை, பாளையம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மேளம் ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்றும் தொடங்கியது. அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஸ்ரீகண்டன் முகத்தில் சிரிப்பைக் கலைக்காமல் கேட்டுக்கு நடந்து வந்தார்.

"பெருமாளே, வரணும். அவங்க பாத்துட்டிருக்காங்க."

"வாறேன் சாரே. சைக்கிள் எனக்கு எப்போ கிட்டும்?"

"அது ஃபைல்ல இருக்கு. பேசலாம்."

டக்.

ஸ்ரீகண்டனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாது. ஆனால் ஒரு அடி கிட்டே வந்தார். "அறிக்கை அச்சானதும் தந்துடலாம்."

"அது எப்போ?"

"ஒரு வருஷம்."

பகவதிப்பெருமாள் ரோட்டைப் பார்த்தார். ஆட்டோ ஒன்று போயிற்று. அது போய் முடியும்வரை பார்த்தார்.

"ஓணம் கழிஞ்சதும்" என்றார் ஸ்ரீகண்டன்.

"ஓணத்துக்கு அஞ்சாறு மாசம் கெடக்கு சாரே."

"அடுத்த மாசம்."

டக். இது இரண்டாவது.

"பெருமாளே, நான் ஒரு டைரக்டர். ரூல்ஸ் இருக்கு. திங்கள்கிழமை. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படியாகாது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பகவதிப்பெருமாளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கட்டுப்படியாகாது என்று சொல்கிறவனிடம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அவர் முதுகை நிமிர்த்தி, வலது பெடலை மேலே கொண்டுவந்து, உடம்பின் கனத்தை அதன்மேல் சாய்த்தார். டயர் இரண்டும் தரையோடு அப்பிக் கிடந்தன. மூன்றாவது டக்குக்கு மேல் அவரிடம் சரக்கில்லை.

"நேரமாச்சு சாரே. நான் வரட்டா?"

டக்.

"நில்லும், நில்லும்" என்று ஸ்ரீகண்டன் ஹேண்டிலைப் பிடித்தார். "இன்னைக்கே எடுத்துக்கலாம். நிகழ்ச்சி முடிஞ்சதும்."

"எழுதித் தாருங்க."

பிரசங்கக் காகிதத்தின் பின்பக்கத்தில், சைக்கிள் சீட்டை மேஜையாக்கி, சான்றுப் பொருள் விடுவிக்கப்படுகிறது என்று டைரக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓமனா கேட்காமலேயே ஓடிவந்து இரண்டாவது கையெழுத்தைப் போட்டாள். பயறு ஞாபகம் வந்திருக்கவேண்டும். ரிட்டயரான துணை டைரக்டர் அன்று சிறப்பு விருந்தினராக முதல் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் பேனாவைக் கொடுத்ததும் கண்ணைத் திறக்காமலே போட்டுவிட்டார். முப்பது வருஷத்துப் பழக்கம்.

பகவதிப்பெருமாள் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். ஹேண்டிலை உள்பக்கம் திருப்பினார். ஏறி மிதித்தார். நாற்பது மீட்டரும் ரிம் தரையில் இடித்துத் தடக், தடக், தடக் என்று வந்தது. அந்தச் சத்தம் என்ன என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டாள்.

"எங்கள் நாட்டுச் சைக்கிளின் பாரம்பரியத் தாளம்" என்றார் ஸ்ரீகண்டன்.

அம்மாள் குறித்துக்கொண்டாள்.

மைக்கைக் கொடுத்தார்கள். அவர் நினைத்தால் அப்போது கத்திரிக்காயைச் சொல்லியிருக்கலாம். காகிதம் பையில் இருக்கிறது, யார் என்ன செய்துவிட முடியும்? ஆனால் விலை படிந்தபிறகு சரக்கை எடுக்காமல் போகிறவனைச் சாலைக் கடைத்தெருவில் யாரும் மறுநாள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"சுற்றுச்சூழல்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டு ஒரு நிமிஷம் நீடித்தது. லிஜோ முதல் கட்டத்தில் டிக் அடித்தான். அந்த வருஷம் அச்சான அறிக்கையில் வண்ணப்படத்தோடு இருக்கிறது: நூற்றுக்கு நூறு சதவீதம் பேர் சுற்றுச்சூழலுக்காகவே சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். எத்தனை பேரிடம் கேட்டது என்பது பின்னிணைப்பில், சின்ன எழுத்தில்.

சாயங்காலம் பகவதிப்பெருமாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். வழியில் இரண்டு இடத்தில் காற்றடித்துப் பார்த்தார், காற்று நிற்கவில்லை. வால்வு ட்யூப் காய்ந்து பொடியாகிப் போயிருந்தது. அவருக்குப் பழக்கமான சைக்கிள் கடை ஆரியசாலையில், லீலாபாய் கடையைத் தாண்டி. இறக்கம்தானே என்று தள்ளிக்கொண்டே வந்தார். கேரியரில் செண்டுமல்லி மாலை வாடிக் கிடந்தது.

லீலாபாய் கடை முன்னால் வந்ததும் கால் தானாக எழும்பிற்று. இடது கால் தரையில், வலது கால் பெடலில்.

"சைக்கிள் கிட்டிச்சா அண்ணாச்சி" என்றாள் அவள். குரலில் நிஜமான சந்தோஷம்.

"கிட்டிச்சு. கத்திரிக்காய் எப்படி?"

அவள் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார். பக்கத்துக் கடையை ஒரு பார்வை பார்த்தார். "நேரமாச்சு லீலா. நான் வரட்டா?"

டக்.

லீலாபாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பெடலையும் பார்க்கவில்லை. கூடைக்கு மேலாகத் தலையை நீட்டிக் கீழே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தராசை எடுத்து, சொன்ன விலைக்கே அரைக்கிலோ நிறுத்தாள்.

"காத்தில்லாத சைக்கிளு. நீங்க எங்க போவப் போறீங்க?"

பகவதிப்பெருமாள் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். காசை எடுத்துக் கொடுத்தார். அவள் சொன்ன விலையைச் சிரித்துக்கொண்டே கொடுத்தது இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பையை ஹேண்டிலில் மாட்டிவிட்டு அவள் சொன்னாள்: "நாளைக்குக் காத்தடிச்சிட்டு வாங்க. பேசுவோம்."